தரவில் சேராத ஒரு வரி

என் கணவரின் பேச்சை இரண்டாகப் பிரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பகுதி அவருக்கு, மற்றது நிறுவனத்துக்கு.

"வேற யாராச்சும் பண்ணட்டுமே தர்ஷன். வீட்டு ஆளோட ஃபைல வீட்டு ஆளே நோண்டறது நல்லாவா இருக்கு?" என்றேன்.

தர்ஷன் எங்கள் குழுவின் மேலாளர். என்னைவிட மிகவும் இளையவன். கெட்ட செய்தி சொல்லும்போதெல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அன்றும் உட்கார்ந்தான்.

"கேட்டுப் பாத்துட்டனுங்க்கா. தொறந்து பாத்த ரெண்டு பேரும் மறுநாள் லீவு. நம்ம கம்பெனியோட மொதல் ஃபைல் அது. யார் யாரோ கைய வெச்சிருக்காங்க. அந்த ஆளத் தெரிஞ்சவங்க ஒருத்தராலதான் அதுல எது எதுன்னு சொல்ல முடியும்."

"அந்த ஆளு" என்று அவன் சொன்னது நாச்சிமுத்துவை. என் வீட்டுக்காரரை.

நாங்கள் செய்யும் கருவியைப் போட்டுக்கொள்பவர்கள் அதைப் பொத்தான் என்பார்கள். காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டியிருக்கும். மூளையில் அடிபட்டோ ரத்தம் கட்டியோ பேச்சை இழந்தவர்களுக்கு அது பேச்சைத் திருப்பித் தரும். அவர்கள் சொல்ல நினைப்பதைப் பிடித்து, கழுத்துப்பட்டையில் உள்ள சின்ன ஒலிபெருக்கி வழியாக, அவர்களுடைய பழைய குரலிலேயே சொல்லும். பீளமேட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் நாங்கள் இதைத் தொடங்கியபோது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நிரல் எழுதினோம். சி மொழியில், ஆளுக்கு ஒரு கோப்பு. அந்த ஆளுக்குத் தேவையான சொற்கள், பெயர்கள், குரலின் அளவுகள், பேச்சை நடத்தும் கட்டளைகள் எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள். ஆட்கள் பெருகப் பெருகக் கோப்புகளும் பெருகின. ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால் ஆயிரக்கணக்கான கோப்புகளில் திருத்த வேண்டும்.

"மில்லுல மிஷின் வேற, பஞ்சு வேற இல்லைங்களாக்கா? நம்மாளுங்க மிஷினுக்குள்ளயே பஞ்ச வெச்சுத் தெச்சு வெச்சிருக்காங்க," என்றான் தர்ஷன். "இனிமே மிஷின் எல்லாருக்கும் ஒண்ணுதான். பஞ்சு மட்டும் அவங்கவங்களுது."

கேட்க எளிமையாக இருந்தது. புதிய சட்டமும் அப்படித்தான் சொன்னது. ஒருவரைப் பற்றிய தரவு அவருக்கே சொந்தம். அவர் கேட்டால் கொடுக்க வேண்டும், அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். அதை மாற்ற அவருடைய வாய்மொழிச் சம்மதம் வேண்டும். நிரல் நிறுவனத்தின் சொத்து. அது எல்லாருக்கும் பொதுவாகப் போகும். எது தரவு, எது நிரல் என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி வைத்தார்கள். அட்டவணையாக எழுத முடிவது எல்லாம் தரவு. 'இஃப்' என்று தொடங்கும் வரி, அதாவது 'இப்படி நடந்தால் அப்படிச் செய்' என்று சொல்லும் வரி எதுவானாலும் நிரல். தரவுக் கோப்பில் ஒரே ஒரு இஃப் இருந்தாலும் சோதனை இயந்திரம் அதைத் துப்பிவிடும்.

"பழைய முறை இந்த மழைக்காலத்தோட நிக்குதுங்க்கா. அதுக்குள்ள பிரிக்காத ஃபைல் வேலை செய்யாது," என்று எழுந்துகொண்டே சொன்னான் தர்ஷன். கடைசிச் செய்தியை எப்போதும் நின்றுகொண்டுதான் சொல்வான்.

பிரிக்காவிட்டால் என் கணவர் ஊமையாவார். ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி செய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

*

அந்தக் கோப்பை நான் அதுவரை திறந்ததே இல்லை. பொத்தானின் மின்கலப் பகுதிதான் என் வேலை. அவருக்கான நிரலை எழுதியது என் தோழி மெஹருன்னிசா. அவள் எழுதினாள், இவர் பேசினார், எனக்கு அது போதுமாக இருந்தது. ஒருவர் உறங்கும்போது அவர் முகத்தை உற்றுப் பார்ப்பதில் ஒரு கூச்சம் இருக்குமே, அதுபோல ஒன்று என்னைத் தடுத்தது.

திறந்த அன்று கூச்சம் போய் எரிச்சல் வந்தது. மின்கலத்தைச் சோதிக்கும் பகுதிக்குள் கொத்தமல்லி கிடந்தது. மின்சக்தி குறையும்போது அவருக்கு அந்தச் சொல் மட்டும் வரவில்லையாம், அங்கேயே ஒட்டுப் போட்டிருந்தார்கள். என் மாமியாரின் பெயர் ஒலியளவைக் கூட்டும் கட்டளைக்கு நடுவில் நின்றது. ஒரே எண் மூன்று இடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் சண்டைக்கு வந்தன. கொத்தமல்லியைப் பிடுங்கி அட்டவணையில் வைத்தேன். மின்கலச் சோதனை நின்றுபோனது. திருப்பி வைத்தேன். அப்போதும் ஓடவில்லை. நான் அரை நாள் செய்த வேலை இவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது வாசலில் காஸ் சிலிண்டர்காரர் ஒட்டிவிட்டுப் போன சீட்டு என்னை வரவேற்றது. ஆள் இல்லை என்று திரும்பிப் போயிருந்தார். ஆள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைல சொல்லிட்டுத்தானே போனேன்? பெல் அடிச்சா எந்திரிச்சுப் போய்த் தொறக்கறதுக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு? கால்ல என்ன அடியா பட்டுச்சு?" என்று கத்தினேன். சத்தியமாக அது சிலிண்டருக்காகக் கத்திய கத்தல் இல்லை. கொத்தமல்லிக்காக.

அவர் என்னைப் பார்த்தார். பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழகியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, கழுத்துப்பட்டையிலிருந்து அந்தப் பழைய கரகரத்த குரல் வந்தது.

"காப்பி போடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதும் வந்துவிடும். நானே போய்க் காப்பி போட்டேன். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டாரே தவிர ஒரு தடவைகூட எழுந்து போய்ப் போட்டதில்லை. கேட்டதிலேயே கோபம் போய்விடும் எனக்கு. அதற்கு மேல் காப்பி யார் போட்டால் என்ன.

விபத்துக்கு முன்னால் இருந்த மனிதர் வேறு. லேத் பட்டறை வைத்திருந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல். நான் ஒன்று சொன்னால் பத்து திரும்பி வரும், அதில் பாதி காது கூசும் வார்த்தை. அவரை விட்டுப் போய்விடலாமா என்று நான் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்த நாட்கள் உண்டு. அதற்குப் பிறகுதான் மேம்பாலத்தில் வண்டி சறுக்கியது. பேச்சு போனது. பொத்தான் வந்தது. அதோடு இந்த மனிதர் வந்தார். நான் கத்தினால் பொறுத்திருந்து காப்பி போடட்டுமா என்று கேட்கிறவர். தலையில் பட்ட அடி அவருடைய கோபத்தை உடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாமல் அந்த விபத்துக்கு நான் நன்றிகூடச் சொல்லியிருக்கிறேன். இவரோடு நான் இரண்டாவது முறை குடித்தனம் தொடங்கியது அந்தக் கேள்வியை நம்பித்தான்.

"ஆபீஸ்ல என்ன?" என்றார் காப்பியை வாங்கிக்கொண்டு. அவருடைய வாக்கியங்கள் குட்டையானவை. நீளமாகப் பேசினால் பொத்தான் திணறும்.

"உங்க ஃபைலப் பிரிக்கறேன். ரெண்டா."

"என்னய வெட்டறதுக்குச் சம்பளம் வேற," என்றார். பிறகு, "ஒழுங்கா வெட்டு. பட்டறைல கத்துக்குடுத்தேனே. அளந்துட்டு வெட்டணும்."

*

அந்த வரியை நான் தேடிப் போகவில்லை. ஒலியளவுப் பகுதியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் பெயர் தெரிந்தது. என் குரலின் அடையாளம் அது, அரசி என்று பெயரிட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஒரு இஃப்.

கேட்கும் குரல் அரசியுடையதாக இருந்து, அதன் சத்தம் இந்த அளவைத் தாண்டினால், வாயில் வரக் காத்திருக்கும் சொற்கள் எதையும் சொல்லாமல் கீழே கொட்டிவிடு. சற்றுப் பொறு. பிறகு இதைச் சொல்: காப்பி போடட்டுமா.

நான்கே வரிகள். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'கேட்டுக்கொண்டபடி. மெ.'

நான் திரையை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். ஏன் கை கழுவினேன் என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது என் முகம் ஏமாந்தவளின் முகமாக இல்லை, முட்டாளின் முகமாக இருந்தது. நான் யாரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்? அவர் பொறுமையாக இருந்ததாக நான் நினைத்த ஒவ்வொரு தடவையும் அவர் என்ன சொல்ல வந்தார்? கொட்டிவிடப்பட்ட சொற்கள் எவை?

மெஹர் இப்போது ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறாள். கூப்பிட்டேன்.

"அடியே அரசி! ஆறு மாசமாச்சு கூப்புட்டு. யாராச்சும் செத்தாத்தான் கூப்புடுவியா?"

"காப்பி போடட்டுமா," என்றேன்.

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "பாத்துட்டியா?" என்றாள்.

"நீதானே எழுதுனே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் கத்தறது உனக்கு அவ்ளோ வேடிக்கையாப் போச்சா?"

"ஏய், நிறுத்து. கேட்டுக்கொண்டபடின்னு போட்டிருந்தேனே, அது யாருன்னு நெனச்சே? ஆஸ்பத்திரியா? உன் வீட்டுக்காரர்டீ."

அணைத்த திரையை மறுபடி போட்டு அந்தக் குறிப்பைப் பார்த்தேன்.

"இங்க பாரு. தலைல அடிபட்டவங்களுக்கு மத்த வார்த்தையெல்லாம் போனாலும் கெட்ட வார்த்தை மட்டும் போகாது. அது மூளைல வேற இடத்துல பத்திரமா உக்காந்துருக்கும். யாராச்சும் சத்தம் போட்டா மொதல்ல அதுதான் கெளம்பி வரும். பொத்தானுக்கு என்ன தெரியும், மொதல்ல வர்றத எடுத்துச் சொல்லிரும். பொத்தான் போட்ட புதுசுல நீ ஒரு நாள் கத்துனப்ப உன்னய என்னமோ சொல்லிட்டாராம்."

எனக்கு நினைவிருந்தது. அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன்.

"மறுநாள் நீ மீட்டிங்ல இருக்கறப்ப ஆபீசுக்கு வந்துட்டாரு. தனியா, பஸ்ஸுல. அப்ப அவருக்குப் பேச்சே சரியா வராது. 'அவ கத்தறப்ப வர்றது நான் சொல்றது இல்ல.' இந்த ஒண்ணச் சொல்றதுக்கு மனுசனுக்கு மத்தியானம் ஆயிருச்சு. அடைச்சு வெச்சிருன்னார். அடைச்சா பேச்சே வராதுங்கண்ணா, பதிலுக்கு ஏதாச்சும் வேணும்னேன். ரொம்ப நேரம் யோசிச்சு இதச் சொன்னார்."

"ஏன் காப்பி?"

"நானும் கேட்டேன். 'அவகிட்ட இதுவரைக்கும் அப்படிக் கேட்டதே இல்ல'ன்னார்."

அவள் வைத்த பிறகும் அலைபேசியைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வரி அவருடைய நினைவு இல்லை, அவருடைய சொல் இல்லை, பழக்கம்கூட இல்லை. அது அவர் எடுத்த முடிவு. கோபம் வரும் என்று தெரிந்து, வருவதற்கு முன்பே ஒருவர் தன் வாயில் தானே கை வைத்துக்கொண்டது. அவரிடம் இருந்ததிலேயே அவருக்கு அதிகம் சொந்தமான பொருள் அதுதான். அது ஒரு இஃப்.

*

"தரவுல சேராதுங்க்கா," என்றான் தர்ஷன்.

"அது அவரோடது தர்ஷன். அவரே கேட்டு வெச்சுக்கிட்டது."

"இருக்கலாம். முடிவையெல்லாம் அட்டவணைல எப்படிங்க்கா எழுதறது? இஃப் இருந்தா அது நிரல்தான். ஒண்ணு தூக்கிப் போடுங்க, இல்ல பொதுவுல வைங்க. அவருக்காகத் தனி மிஷின் ஓட்ட முடியாதுல்ல."

தூக்கிப் போட என்னால் முடியவில்லை. போட்டால் அடுத்த சண்டையில் அந்தப் பழைய சொல் வந்து நிற்கும், நான் மீண்டும் பெட்டியைப் பார்ப்பேன். அந்தப் பயம்தான் எனக்கு. அதனால் பொதுவில் வைத்தேன். அதற்குத் தோதாக அந்த வரிகளைச் சுத்தம் செய்தேன். அரசி என்ற பெயரை எடுத்துவிட்டு 'வீட்டில் பதிவான எந்தக் குரலும்' என்று ஆக்கினேன். பதில் வாக்கியத்துக்குத் தரவு அட்டவணையில் ஓர் இடம் ஒதுக்கினேன், வேண்டியவர் வேண்டியதை எழுதிக்கொள்ளட்டும் என்று. அட்டவணையில் அந்த இடம் காலியாக இருந்தால்? காலியாக இருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நிரலுக்குச் சொல்லியாக வேண்டும். காப்பி போடட்டுமா என்றே வைத்தேன்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. காலி இடத்தை நிரப்பாமல் விட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. அப்போது எனக்குப் பெருமைகூட இருந்தது. கோப்பு அழகாகப் பிரிந்துவிட்டது. என் வீட்டில் நடந்த ஒரு நல்லது இன்னும் பல வீடுகளில் நடக்கட்டுமே என்றும் நினைத்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நிரலுக்குத்தான் யார் சம்மதமும் வேண்டாமே.

மழை தொடங்கியதும் புதிய முறை எல்லாப் பொத்தான்களுக்கும் போனது. சில வாரங்களில் தர்ஷன் நாற்காலியை இழுக்காமல், தூரத்திலிருந்தே கூவினான்.

"அரசிக்கா! பாராட்டு மேல பாராட்டு. வீட்டுல சண்டையே கொறஞ்சு போச்சுங்கறாங்க. மேல இருக்கறவங்க அதுக்கு 'அமைதி வசதி'ன்னு பேரே வெச்சுட்டாங்க. விளம்பரத்துல போடப் போறாங்களாம்."

என் வீட்டில் எதுவும் மாறவில்லை. நான் கத்தினேன், அவர் பொறுத்தார், கேட்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே நேரத்தில் எத்தனை கழுத்துப்பட்டைகளிலிருந்து இதே வாக்கியம் வருகிறதோ என்று தோன்றும். அவர் எனக்கென்று தேடி எடுத்த சொல்லை நான் ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டேன். காப்பி ஆறிப்போகும்.

*

திருப்பூரிலிருந்து ஒரு பெண் தன் அக்காவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கை பெயர் கஸ்தூரி. அக்கா அமராவதி, பனியன் கம்பெனியில் ஒரு வரிசைத் தையல் இயந்திரங்களுக்கு மேற்பார்வை பார்த்தவள். பக்கவாதத்தில் பேச்சும் வலக்கையும் போயிருந்தன. கை வரவில்லை. பேச்சைப் பொத்தான் கொடுத்திருந்தது.

"ஏனுங் மேடம், எங்கக்காளோட இந்தப் பொத்தானுக்குப் பைத்தியம் புடிச்சுப் போச்சுங்களா? இவ எப்பேர்ப்பட்ட வாய்க்காரி தெரியுங்ளா? எங்க மாமன் ஒண்ணு பேசுனா ஒம்போது பேசுவா. அந்த வாய் இருந்ததாலதானுங்க அந்தாளு கைய ஓங்காம இருந்தான். இப்ப அவன் கத்தறப்பவெல்லாம் இவ என்னமோ காப்பி வேணுமான்னு கேக்கறாளுங்க."

அருகில் நின்ற தர்ஷன், "அது அமைதி வசதிங்க. புதுசா..." என்று தொடங்கினான்.

"என்ன கருமமோ. அவன் என்ன பண்றான் தெரியுங்ளா? பொழுது போகலீன்னா வேணும்னே கத்தறான். இவ கேக்கறா. 'போடு, போய்ப் போடு'ங்கறான். அவன் பிரண்டுகளக் கூப்புட்டு வந்து வெச்சுக் கத்திக் காட்டறான். ஒத்தக் கைல அடுப்பு பத்த வெக்கறாளுங்க எங்கக்கா."

அமராவதி நிமிர்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை இங்க செஞ்சு பாக்கலாங்களா?" என்றேன் கஸ்தூரியிடம். "உங்க குரலும் பதிவாகியிருக்கும். கொஞ்சம் சத்தமா..."

கஸ்தூரி தயங்கினாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "ஏய் அமரு! எரும மாடு! காலைல இருந்து எங்கடி போய்த் தொலஞ்சே?" என்று கத்தினாள். மாமனின் வார்த்தைகளாக இருக்க வேண்டும்.

அமராவதியின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்டு எதையோ உருட்டித் தள்ளியது. கழுத்துப்பட்டை அதைச் சொல்லாமல் வாங்கிக் கொட்டிவிட்டது. சற்றுப் பொறுத்தது. பிறகு ஒரு பெண்ணின் கணீர்க் குரல், பரிவோடு கேட்டது.

"காப்பி போடட்டுமா?"

தர்ஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை, சட்டென்று வந்த சிரிப்பு. எனக்கும் என் வீட்டில் அப்படித்தானே வந்தது. உடனே அடக்கிக்கொண்டான். ஆனால் அமராவதி பார்த்துவிட்டாள். அவள் கண்களில் நீர் கோத்து நின்றது. அது அழுகையில்லை.

நாச்சிமுத்துவின் வாயில் அது அவரே கட்டிக்கொண்ட கட்டு. இவள் வாயில் அதே நான்கு வரி வேறொருவர் கட்டிய கட்டு. கட்டியவள் நான்.

இணைப்புக் கம்பியை எடுத்து அவள் பொத்தானோடு பூட்டினேன். தர்ஷன் "அக்கா, அனுமதி வாங்காம..." என்றான். அந்த நான்கு வரிகளை அவளுடைய பொத்தானில் மட்டும் தூங்க வைத்தேன். "இப்ப இன்னொரு தடவை கத்துங்க," என்றேன்.

கஸ்தூரி கத்தினாள். அமராவதி தங்கையைப் பார்க்கவேயில்லை. தர்ஷன் பக்கம் திரும்பினாள்.

"எதுக்குடா சிரிச்சே?"

அதற்குப் பிறகு வந்ததை எல்லாம் எழுத முடியாது. தர்ஷனின் பிறப்பு, வளர்ப்பு, படிப்பு, அவன் போட்டிருந்த சட்டை, எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "எங்கக்காதானுங்க. எங்கக்காதானுங்க இது."

அவர்கள் போன பிறகு தர்ஷன் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பாராட்டுக் கடிதமெல்லாம் எடு," என்றேன். "யார் எழுதினதுன்னு பாரு."

பார்த்தான். மருமகள், மகன், புருஷன், அண்ணன். பொத்தான் போட்டவர் எழுதியது ஒன்றுகூட இல்லை.

"மேல என்னங்க்கா சொல்றது? விளம்பரம்..."

"காலியா இருந்தா ஒண்ணும் செய்யாதே. அவ்வளவுதான் மாத்தப் போறேன். காலி காலியாவே இருக்கட்டும். வேணுங்கறவங்க அவங்க வாயால கேட்டு, அட்டவணைல அவங்க வாக்கியத்தை எழுதிக்கட்டும்."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமுங்க்கா," என்றான் மெல்ல. அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.

அன்று மாலையே மாற்றம் எல்லாப் பொத்தான்களுக்கும் போனது. நாச்சிமுத்துவின் பொத்தானுக்கும். அவரிடம் கேட்காததால் அவருடைய அட்டவணையிலும் அந்த இடம் காலி.

*

அதை நிரப்ப அவருடைய சம்மதம் வேண்டும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"எனக்குத் தெரியும்," என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "காப்பி. மெஹர் சொல்லிட்டா. இப்ப அது உங்ககிட்ட இல்லீங்க. இன்னைக்கு எடுத்துட்டேன். ஏன்னு அப்புறமாச் சொல்றேன். வேணும்னா திருப்பி வெச்சுக்கலாம், இந்தத் தடவை உங்க சொந்தத் தரவா. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

அவர் டிவியை அணைத்தார். சொற்களைக் கூட்டிச் சேர்க்கும்போது அவர் நெற்றி சுருங்கும்.

"வேண்டாம்."

"வேண்டாமா? ஏன்?"

"நீ கத்தறே. நான் கேக்கறேன். நீ சிரிக்கறே." நிறுத்தினார். "அப்புறம் நான் பேசறதே இல்ல. எதுவும்."

"பேசறதுக்கு என்ன இருக்கு? அந்த வார்த்தைதான் வரும். அதக் கேக்கறதுக்கா நான் இத்தன வருசம்..." என் குரல் ஏறியது. நிறுத்தத் தெரியவில்லை. "எவ்ளோ பாடுபட்டு அதப் பிரிச்சேன் தெரியுமா உங்களுக்கு? கண்ணு போச்சு, தூக்கம் போச்சு, ஊர்ல இருக்கறவங்க பாவமெல்லாம் கொட்டிக்கிட்டேன்! ஒரு வார்த்தை சரின்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

வந்தது. முதலில் வருவது எதுவோ அது. அவருடைய பழைய குரலில், பட்டறைச் சத்தத்துக்கு மேல் எழும் அதே உயரத்தில், அந்தச் சொல்.

அறையில் இருவரும் அதைக் கேட்டோம். அவர் முகம் வெளுத்துப்போனது. வாய் அடுத்ததை உருட்டுவது தெரிந்தது. அது வருவதற்குள் கையை உயர்த்திக் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். பொத்தான் அணைந்தது. கழுத்துப்பட்டையின் சின்னப் பச்சை விளக்கும் அணைந்தது.

உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றன.

அவர் எழுந்தார். எங்கே என்று சொல்ல அவரிடம் பேச்சு இல்லை. சமையலறை விளக்கு எரிந்தது. தட்டுகளும் டம்ளர்களும் உருண்டன. எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவது கேட்டது. அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் பலமுறை கேட்டது. காஸ் இருக்கிறது, அழுத்தித் திருப்ப வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அப்புறம் பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசனை வந்தது. துடைக்கிற துணி எங்கே என்று கேட்க முடியாமல் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போகவில்லை.